பேகல் வளர்த்த குடும்பம்

உளுந்து வடையைப் போல நடுவில் துளையுள்ள ரொட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் பேகல். வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும். உட்புறமோ பல்லால் இழுத்துக் கடித்து, நிதானமாக மெல்ல வேண்டிய அளவுக்கு இறுக்கமாக இருக்கும். அதற்குக் காரணம் அதைச் செய்யும் முறைதான். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கயிறு போல உருட்டி, கையைச் சுற்றி வளைத்து இரு முனைகளையும் அழுத்தி ஒட்டுவார்கள். பிறகு அந்த வளையங்களைச் சிறிது நேரம் கொதிநீரில் போட்டு எடுத்த பின்னரே அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். மற்ற ரொட்டிகள் நேரே அடுப்புக்குள் போகும். பேகல் மட்டும் வெந்நீரில் குளித்துவிட்டுப் போகும்!

பேகல் போலந்து நாட்டு யூதர்களின் உணவு. கிராக்கோவ் நகர யூதச் சமூகத்தினர் 1610ஆம் ஆண்டில் எழுதிய விதிமுறைகளிலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, வறுமையாலும் வன்முறையாலும் துன்புற்ற இலட்சக்கணக்கான யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவில் குடியேறினர். பேகலும் அவர்களோடு கடல் கடந்தது. ஆயினும், நெடுங்காலம் அது அவர்களின் தெருக்களைத் தாண்டவில்லை. 1950களில்கூட, நியூயார்க் போன்ற பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்த அமெரிக்கர் பலர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்றோ அமெரிக்காவின் எந்தப் பேரங்காடியிலும் அது கிடைக்கிறது. இந்த மாற்றத்திற்குப் பெரும் காரணமாக இருந்தது லெண்டர் என்னும் ஒரு குடியேறிக் குடும்பம். அந்தக் குடும்பத் தொழில் எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அந்த வளர்ச்சிக்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் இப்பகுதியில் காண்போம்.

ஹாரி லெண்டர் போலந்தின் லூப்ளின் நகரில் ரொட்டி சுடும் தொழில் செய்தவர். அவர் 1927ஆம் ஆண்டு அமெரிக்கா வந்தார். மனைவியும் பிள்ளைகளும் பின்னர் வந்து சேர்ந்தனர். முதலில் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பேகல் அடுமனையில் வேலை செய்தார். பின்னர், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் சிறிய அடுமனை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அமெரிக்க மண்ணில் 1930ஆம் ஆண்டு பிறந்த மகன் மரே, அவருக்குப் பிறகு பிறந்த மார்வின் ஆகியோர் மாவு வாசனையிலேயே வளர்ந்தனர். பள்ளி விட்டு வந்தால் விளையாட்டுத் திடலைவிட அடுமனையே அவர்களுக்கு அருகில் இருந்தது.

ஹாரியின் பேகல் சுவையாக இருந்தது. அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், தொழிலில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. யூதக் குடும்பங்கள் பேகலை ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் மிகுதியாக வாங்கின. பேகலோ நீண்ட நேரம் தாங்காது. காலையில் சுட்டது மறுநாள் கல்லைப் போல் ஆகிவிடும். ஆகவே, முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைக்கவும் முடியாது. சனிக்கிழமை இரவு முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கண் விழித்து உழைத்தாலும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியவில்லை. திங்கட்கிழமை வந்தால் அடுப்பும் ஆட்களும் சும்மா இருக்கும் நிலை. வாரத்தில் ஒரு நாள் ஓட்டம், மற்ற நாள்களில் முடக்கம் என்றால், தொழிலை எப்படி விரிவாக்குவது?

1950களில் இதற்கு விடை கிடைத்தது. அது ஓர் உறைபதனப் பெட்டி. வாரத்தின் தொடக்க நாள்களில் பேகலைச் சுட்டு, உடனே உறைய வைத்துவிட்டால், சனிக்கிழமை இரவில் எடுத்து இளக வைத்துக் கடைகளுக்கு அனுப்பலாம். ஐந்து நாள் வேலையைக் கொண்டு ஒரு நாள் தேவையைச் சமாளிக்கலாம். சொல்லும்போது எளிதாகத்தான் தோன்றுகிறது. ஆனால், அக்காலத்தில் உறைய வைத்த ரொட்டி என்றாலே மக்கள் முகம் சுளிப்பார்கள். அதனால், லெண்டர் குடும்பத்தினர் இந்தச் செய்தியைக் கடைக்காரர்களிடம் சொல்லவே இல்லை. பேகல்கள் இளகிய பிறகே வண்டியில் ஏறின. ஒரு நாள் இளக வைக்க மறந்து, கல்லாக உறைந்த பேகல்களையே அனுப்பிவிட்டார்களாம். கடைக்காரர்கள் கொதித்துப் போனார்களாம். அதன் பிறகுதான், தாங்கள் இத்தனை நாள் புதியவை என்று பாராட்டி விற்றவையும் உறைபதனப் பெட்டியிலிருந்து வந்தவையே என்பது அவர்களுக்குத் தெரிந்ததாம். குடும்பத்தினர் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. கடைக்காரர்களுக்கு அன்று சிரிப்பு வந்திருக்காது. உண்மையை மறைத்து விற்றது சரியா என்று வகுப்பில் விவாதிக்க இது நல்ல தலைப்பு. ஆனாலும், வாங்கியவர்கள் யாரும் சுவை வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

இந்த நிகழ்ச்சி குடும்பத்தினரின் கண்ணைத் திறந்தது. உறைய வைத்த பேகலைப் பக்கத்துத் தெருவுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லையே! ஆறு ஆறாக நெகிழிப் பையில் போட்டால் தொலைதூர ஊர்ப் பேரங்காடிகளுக்கும் அனுப்பலாம். ஒரு நகரத்துக்குள் அடங்கியிருந்த அடுமனை, நாடு முழுவதையும் சந்தையாகப் பார்க்கத் தொடங்கியது இங்கேதான். 1960ஆம் ஆண்டு ஹாரி காலமானார். தொழில் பிள்ளைகளின் கைக்கு வந்தது. சந்தை இருந்தது, சேமித்து வைக்க வழியும் இருந்தது. இப்போது குறைவாக இருந்தது கைகள் மட்டுமே.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை உணர, நியூயார்க் நகரின் பேகல் தொழிலாளர்களைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். அங்கே பேகல் செய்வது எல்லாரும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழிலாக இருக்கவில்லை. 338ஆம் எண் தொழிற்சங்கக் கிளையில் உறுப்பினராக இருந்தவர்களே அதைச் செய்தனர். அவர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும் என்று அந்த உரிமை குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது. நிலவறைகளில், அடுப்பின் கடும் வெப்பத்தில், இரவெல்லாம் வேலை. சிலர் மாவை உருட்டி வளையமாக்குவர். ஒருவர் கொதிநீர்க் கொப்பரையைப் பார்த்துக்கொள்வார். மற்றொருவர் அடுப்பைக் கவனிப்பார். தேர்ந்த தொழிலாளி ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 120 பேகல்கள் செய்வார். வேலை கடினம், கூலியும் அதற்கேற்ப நன்றாகவே இருந்தது. ஏனெனில், அவர்கள் கையை எடுத்தால் நகரமே பேகல் இல்லாமல் தவிக்கும். 1951ஆம் ஆண்டு டிசம்பரில் அப்படியே நடந்தது. கூலித் தகராறில் நகரின் 34 பேகல் அடுமனைகளுள் 32 மூடப்பட்டன. நகரில் பேகல் பஞ்சம் வந்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பேகலோடு சேர்த்து உண்ணும் சால்மன் மீனின் விற்பனைகூடச் சரிந்தது.

இந்த முந்நூறு பேரின் வலிமை எதில் இருந்தது? அவர்களின் விரல்களில் இருந்தது. கெட்டியான பேகல் மாவை எந்த இயந்திரத்தாலும் வளையமாக்க முடியவில்லை. பலர் முயன்று தோற்றனர். அவர்களுள் ஒருவர் மேயர் தாம்சன் என்னும் அடுமனைக்காரர். கனடாவில் இருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தவர். அவர் விட்ட இடத்திலிருந்து அவர் மகன் டேனியல் தாம்சன் தொடர்ந்தார். டேனியல் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். மடித்து உருட்டிச் செல்லக்கூடிய மேசைப்பந்து மேசையைக் கண்டுபிடித்தவரும் அவரே. உங்கள் பள்ளி மண்டபத்தில் அப்படி ஒரு மேசை இருந்தால், அவரை நினைத்துக்கொள்ளலாம். இறுதியில் அவர் பேகல் இயந்திரத்தையும் செய்து முடித்தார். பயிற்சி இல்லாத ஒருவர் அதை இயக்கினாலே மணிக்கு 400 பேகல்கள் கிடைத்தன.

1963ஆம் ஆண்டு அந்த இயந்திரத்தை முதன்முதலில் வாடகைக்கு எடுத்தவர்கள் லெண்டர் சகோதரர்களே. இதுவே அவர்களின் வளர்ச்சியில் மிகப் பெரிய படி. அதுவரை பேகல் எத்தனை செய்யலாம் என்பதை, எத்தனை தேர்ந்த கைகள் இருக்கின்றன என்பதே முடிவு செய்தது. இனி எத்தனை இயந்திரங்கள் வாங்கலாம் என்பதே கணக்கு.

இயந்திரம் பேகலையும் மாற்றியது. கையால் உருட்டும் மாவு மிகக் கெட்டியானது. இயந்திரத்துக்கு அது ஒத்துவராது. மாவு சற்று இளகலாக இருந்தால்தான் அது சிக்காமல் ஓடும். ஆகவே, பேகல் மென்மையானது, உருவத்திலும் பெருத்தது. நாளடைவில் பெரிய தொழிற்சாலைகள் பல, கொதிநீரில் போடுவதையும் விட்டுவிட்டு நீராவி பாய்ச்சும் அடுப்புக்கு மாறின. பழைய பேகலைத் தின்று வளர்ந்தவர்கள், இது துளை போட்ட சாதாரண ரொட்டி என்று ஏளனம் செய்தனர். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், பேகலை அதுவரை அறியாத மக்களுக்கு அந்த மென்மைதான் பிடித்திருந்தது. தாடை வலிக்க மெல்ல அவர்கள் யாரும் தயாராக இல்லை.

நியூயார்க் தொழிலாளர்களின் நிலை என்ன ஆனது? இயந்திரங்கள் அந்நகரத்துக்கும் வந்து சேர்ந்தன. அவர்கள் எதிர்த்துப் போராடினர், பயனில்லை. முன்பு அவர்கள் வேலையை நிறுத்தினால் கடை மூடும். இப்போது அவர்கள் வேலையை நிறுத்தினால், உறைய வைத்த பேகல் வெளியூரிலிருந்து லாரியில் வரும். 1970களின் தொடக்கத்தில் அந்தச் சங்கக் கிளையால் தனித்து இயங்க முடியவில்லை. அது வேறொரு கிளையோடு இணைந்து மறைந்தது. அந்தத் தொழிலாளர்களும் குடியேறிகளே, குடியேறிகளின் பிள்ளைகளே. ஒரு குடியேறிக் குடும்பத்தை உயர்த்திய அதே இயந்திரம், முந்நூறு குடியேறிக் குடும்பங்களின் கைத்தொழிலைப் பறித்தது. லெண்டர் குடும்பத்தின் வெற்றிக் கதையைச் சொல்லும் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலேயே தாண்டிவிடுகிறார்கள். சகோதரர்களைக் குறை சொல்ல வேண்டும் என்பதில்லை. அவர்கள் வாங்காவிட்டால் வேறு ஒருவர் வாங்கியிருப்பார். எனினும், இழந்தவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும்.

உற்பத்தி பெருகிவிட்டது. பேகல் என்றால் என்னவென்றே தெரியாதவர்களிடம் அதை எப்படி விற்பது? இங்கேதான் மரே லெண்டரின் திறமை வெளிப்பட்டது. அமெரிக்கா முழுவதையும் பேகல் உண்ண வைப்பதே தம் குறிக்கோள் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தார். யூதர்களின் ஞாயிற்றுக்கிழமை உணவு என்ற அடையாளத்தை மாற்றி, எவரும் எந்நாளும் உண்ணும் காலை உணவாக அதை அறிமுகப்படுத்தினார். அயர்லாந்து மரபினர் பச்சை உடுத்திக் கொண்டாடும் புனித பேட்ரிக் திருநாளுக்குப் பச்சை நிறப் பேகலைச் செய்து விற்றார். போலந்து யூதரின் ரொட்டி அயர்லாந்துக்காரரின் விழாவில்! வெங்காயம் சேர்த்தது, உலர் திராட்சை சேர்த்தது எனப் பல வகைகள் வந்தன. உறைந்த பேகலைக் கத்தியால் வெட்டுவது சிரமம் என்பதால், முன்பே பிளந்து பையில் போட்டனர். ரொட்டி வாட்டும் கருவியில் செருகினால் போதும். சில நிமிடங்களில் காலை உணவு தயார். புதியவர்கள் பழகுவதற்குத் தடையாக இருந்த ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து நீக்கினார்கள் என்றே சொல்ல வேண்டும். அப்படி நீக்கியவற்றில் பேகலின் பழைய இயல்பும் கொஞ்சம் போயிற்று.

1984ஆம் ஆண்டு சகோதரர்கள் தங்கள் நிறுவனத்தை கிராஃப்ட் என்னும் பெரும் உணவு நிறுவனத்துக்கு விற்றனர். கிராஃப்ட் ஏன் வாங்கியது? பேகலில் தடவி உண்ணும் கிரீம் சீஸ் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பொருள். ஒருவர் பேகல் வாங்கினால் கிரீம் சீஸும் வாங்குவார் அல்லவா? அதன் பின்னர் லெண்டர் என்ற பெயர் கை மாறிக்கொண்டே போயிற்று. 1996ஆம் ஆண்டு கெல்லாக் நிறுவனம் அதை 455 மில்லியன் டாலருக்கு வாங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1999ஆம் ஆண்டு, அதை 275 மில்லியன் டாலருக்கு விற்றது. நட்டம் ஏன் வந்தது என்பதற்கு விடை அக்காலக் கடைத்தெருவில் இருக்கிறது.

1990களில் அமெரிக்காவில் பேகல் உணவகங்கள் மழைக்காலக் காளான்களைப் போல முளைத்தன. 1983ஆம் ஆண்டு தொடங்கிய புரூகர்ஸ் போன்ற தொடர் உணவகங்கள் ஊர் ஊராகப் பரவின. 1996ஆம் ஆண்டு டங்கின் டோனட்ஸ் கடைகளும் பேகல் விற்கத் தொடங்கின. சூடான பேகல் தெருமுனையிலேயே கிடைக்கும்போது, உறைந்த பேகலை வாங்கி வீட்டில் வாட்டுபவர்கள் குறையத்தானே செய்வார்கள்? வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளர்களை உருவாக்கிக் கொடுத்ததே லெண்டரின் உறைந்த பேகல்தான். அவ்வாறு தோன்றிய தொடர் உணவகங்களுள் ஒன்று ஐன்ஸ்டைன் பிரதர்ஸ். பெயரைக் கேட்டால், கப்பலேறி வந்த இரு சகோதரர்கள் வியர்வை சிந்தி வளர்த்த கடை என்று தோன்றும். உண்மையில், வறுத்த கோழி விற்ற ஒரு தொடர் உணவக நிறுவனம் 1995ஆம் ஆண்டு அதைத் தொடங்கியது. பெயரில் உள்ள சகோதரர்கள் கற்பனை மனிதர்கள். குடியேறிகளின் உழைப்புக்கு அந்த அளவுக்கு விற்பனை மதிப்பு வந்துவிட்டது. அதை விலைக்கு வாங்க முடியாதவர்கள் கற்பனை செய்துகொண்டார்கள்.

இயந்திரமும் உறைபதனமும் இல்லாமல் பேகல் தொழில் வளரவே முடியாதா என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். அதற்கு விடை தேட, எல்லையைத் தாண்டிக் கனடா நாட்டின் மொன்ட்ரியால் நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே 1957ஆம் ஆண்டு மாயர் லூக்கோவிச் என்பவர் செயின்ட் வியாத்தர் தெருவில் ஒரு பேகல் கடையைத் திறந்தார். அவரும் போலந்து யூதரே. நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் உயிர் பிழைத்துக் கனடாவில் குடியேறியவர். அவருடைய கடையில் மாவைக் கையால்தான் உருட்டினர். தேன் கலந்த கொதிநீரில் போட்டு, விறகு அடுப்பில் சுட்டனர். மொன்ட்ரியால் பேகல் சிறியது, சற்றே இனிப்பானது, துளை பெரியது.

1962ஆம் ஆண்டு அந்தக் கடையில் ஒரு சிறுவன் வேலைக்குச் சேர்ந்தான். பெயர் ஜோ மொரீனா. அவன் யூதன் அல்லன். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவன். பெருக்கவும் அடுக்கவும் வந்தவன், உருட்டவும் சுடவும் கற்றுக்கொண்டான். 1974ஆம் ஆண்டு முதலாளி அவரைப் பங்காளியாக்கினார். 1994ஆம் ஆண்டு கடைப் பொறுப்பு முழுவதும் மொரீனாவிடம் வந்தது. பின்னர் அவருடைய பிள்ளைகளும் தொழிலில் சேர்ந்தனர். கடை பல கிளைகளாகவும் சிற்றுண்டியகங்களாகவும் பெருகியது. நியூயார்க் சங்கத்தில் இரத்த உறவு பார்த்துக் கொடுத்த தொழிலை, மொன்ட்ரியாலில் வேற்று இனத்துச் சிறுவன் ஒருவன் அருகில் நின்று பார்த்தே பெற்றுக்கொண்டான். அந்தக் கடையால் லெண்டரைப் போல ஒரு நாட்டின் காலை உணவையே மாற்ற முடியவில்லை. மொன்ட்ரியாலுக்குப் போகிறவர்கள்தான் அதைத் தேடிச் செல்கிறார்கள். விறகு அடுப்பு எவ்வளவு சுடுமோ அவ்வளவுதான் விற்பனை. ஆனால், அங்கே இன்றும் பேகல் உருட்டத் தெரிந்த கைகளுக்கு வேலை இருக்கிறது.

அதே வட்டாரத்தில் ஃபேர்மவுண்ட் என்னும் இன்னொரு பழைய கடையும் உண்டு. குடியேறியான இசடோர் ஷ்லாஃப்மன் 1919ஆம் ஆண்டு தொடங்கிய தொழிலின் வழிவந்தது அது. மொன்ட்ரியாலில் பிறந்த விண்வெளி வீரர் கிரெகரி சாமிட்டாஃப், 2008ஆம் ஆண்டு அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது அந்தக் கடையிலிருந்து 18 எள்ளுப் பேகல்களைக் கொண்டு சென்றார். எடையற்ற வெளியில் எள் உதிர்ந்தால் மிதக்குமே என்று கவலைப்படாமல் போனது வியப்புதான்.

லெண்டர் நிறுவனத்துக்காக இல்லினாய் மாநிலத்தின் மட்டூன் என்னும் ஊரில் 1986ஆம் ஆண்டு ஒரு பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. சுற்றிலும் சோள வயல்கள். ஊர் மக்களுக்குப் பேகல் புதிது. அவர்களுக்கு அறிமுகம் செய்ய, மரே லெண்டர் ஊர் முழுவதற்கும் இலவசக் காலை உணவு கொடுத்தார். அது ஆண்டுதோறும் நடைபெறும் பேகல் திருவிழாவாக வளர்ந்தது. மரே 2012ஆம் ஆண்டு காலமானார். மட்டூன் மக்கள் இன்றும் ஜூலை மாதத்தில் கூடி, நடுவில் துளையுள்ள அந்த ரொட்டியைக் கொண்டாடுகிறார்கள்.